தராசில் 2 கிலோ: கர்த்தர் நம்மை விசாரிக்கிறார் என்று எப்படி நம்புவது?

கொழுந்துமடுவம் (பசறைப் பக்கம்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. அப்பா இல்லை. அம்மா 31 வருஷம் கொழுந்து எடுத்து என்னை ஏ.எல். (உயர்தரம்) வரை படிக்க வைத்தார். இந்த வேலை கிடைத்த அன்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லோருக்கும் தேத்தண்ணியும் பணிசும் கொடுத்தார். அந்த ஞாயிறு நன்றிக் காணிக்கையும் வைத்தார்.

என் வேலையில் முக்கியமானது நிறுவை. எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். (மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: பேர் என்றால் ஒரு நாள் வேலை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவது.) கூடைக்கும் மழைத் தண்ணீருக்கும் கொஞ்சம் கழிப்பது எப்போதும் உள்ளதுதான். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வருஷம் வைகாசியில் எனக்கு மேலே இருப்பவர், ஆளுக்கு ஒரு நாளைக்கு இன்னும் 2 கிலோ சேர்த்துக் கழிக்கச் சொன்னார். வெயில் அடிக்கும் நாளிலும். எழுத்தில் இல்லை, வாயால்தான். 19 கிலோ எடுத்தவருக்கு 17 என்று எழுத வேண்டும். அவருக்கு அன்றைக்குச் சம்பளத்தில் பாதி போய்விடும்.

மூன்று நாள் நானும் அப்படித்தான் எழுதினேன். மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள், சின்ன வயதில் என்னைத் தூக்கி வைத்திருந்த ஒரு பெரியம்மா கூடையை இறக்கிவிட்டு, தராசைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வசனம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த நாளிலிருந்து தராசு காட்டியதையே எழுதினேன்.

இரண்டு வாரம்தான். அப்புறம் என்னைத் தவறணைக்கு, அதாவது தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடைக்கு, மாற்றிவிட்டார்கள். மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய் குறைந்துவிட்டது. என் இடத்துக்கு வந்தவர் சொன்னபடி கழிக்கிறார். ஆக, நான் உண்மையாக நடந்ததில் எனக்கும் நஷ்டம், அந்தப் பெண்களுக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. இதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது.

இதற்கு மேல், புரட்டாதியில் லயத்துக்குப் பின்னால் மேட்டில் வெடிப்பு விழுந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பெரிய மழை என்றால் இங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிப் போனார்கள். அம்மா அசைய மாட்டேன் என்கிறார். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்பதுதான் அவருடைய பதில்.

'அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்' என்ற வசனம் எங்கள் காம்பராவின் (லயத்து அறை) நாட்காட்டியில் இருக்கிறது. தினமும் காலையில் பெரட்டுக்கு (ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) போகும்போது கண்ணில் படுகிறது. கடவுள் இருக்கிறாரா என்று எனக்குச் சந்தேகம் இல்லை. விசாரிக்கிறாரா என்பதுதான் என் சந்தேகம். உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். வயது 71. பதில் இருக்கிறது என்று சொல்லி வரவில்லை. அந்த 'விசாரிக்கிறவர்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

பொலிஸ்காரர் விசாரிப்பது ஒரு விசாரணை. அது எல்லோருக்கும் தெரியும். லயத்தில் நடப்பது இன்னொன்று. ஒருவர் இரண்டு நாள் பெரட்டுக்கு வரவில்லை என்றால், மூன்றாம் நாள் பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டி, என்ன ஆச்சு, காய்ச்சலா, கஞ்சி வைக்கட்டுமா என்று கேட்பார். அதற்கும் நாம் விசாரிப்பது என்றுதான் சொல்கிறோம். அந்த வசனத்தை எழுதிய பேதுரு சொல்வது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். காய்ச்சலே வராது என்று அந்த வசனத்தில் வாக்கு இல்லை. அதே அதிகாரத்தின் கடைசியில் 'கொஞ்சக்காலம் பாடநுபவிக்கிற உங்களை' என்றுதான் அவர் எழுதுகிறார்.

என் தாத்தா உபதேசியார். மலையகத்தில் தோட்டத் தமிழருக்கென்று 1854 இல் மிஷன் தொடங்கியபோது அதற்கு 'தமிழ் கூலி மிஷன்' என்றே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் எனக்குச் சுடுகிறது. ஆனாலும் அந்த வழியில் வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து போனவர்கள். தாத்தாவின் பழைய கொப்பி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் பிரசங்கக் குறிப்பு தேடினேன், அரைப் பக்கம்கூட இல்லை. மூன்றாம் லயத்தில் பிரசவம், பிள்ளை தப்பியது. மேல் டிவிசனில் கிழவருக்குக் கண் தெரியவில்லை. இன்னாருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது, வாசித்துக் காட்டினேன். பக்கம் பக்கமாக இவ்வளவுதான்.

நீங்கள் மூன்று நாள் பொய்யாக எழுதியதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. சரி, மற்றவர்களும் எழுதட்டும்.

ஜெயங்கொடி (ஹட்டன்)

சகோதரனே, சோர்ந்துபோகாதீர்கள். உண்மையாக நடந்தவரைக் கர்த்தர் கைவிட்டதே இல்லை. 9,000 போனால் 90,000 ஆகத் திரும்பி வரும். யோபுக்கு இரண்டத்தனையாய்க் கொடுத்தவர் அவர். ஆனால் உங்கள் எழுத்தில் சந்தேகம் தெரிகிறது. சந்தேகம் ஆசீர்வாதத்தை அடைத்துவிடும். உபவாசித்து ஜெபியுங்கள். உங்கள் அம்மாவின் விசுவாசம் பெரியது, அதை நீங்கள் அசைக்காதீர்கள். அந்த மேட்டைப் பார்த்து 'சரியாதே' என்று கட்டளையிடுங்கள். கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையே பெயரும் என்றவர், மலையை நிற்கவும் வைப்பார்.

கொஸ்லந்தைக்காரி

ஜெயங்கொடி அண்ணன், நீங்கள் அன்போடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

2014 ஒக்டோபர் 29, புதன்கிழமை காலை. மீரியபெத்தை. நாங்கள் அங்கிருந்து கொஞ்சத் தூரத்தில் இருந்தோம். பிள்ளைகள் பலர் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த பிள்ளைகளுக்கு வீடும் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. சபையிலிருந்து நாங்கள் சிலர் முகாமுக்குப் போனோம். பாய் விரிப்பதும் பால்மா கரைப்பதும்தான் என் வேலை. ஒரு பிள்ளை தன் புத்தகப் பையைக் கழற்றவே இல்லை. இரவு தூங்கும்போதும் போட்டுக்கொண்டே தூங்கியது.

மண்ணுக்குள் போனவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். இயேசுவே இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்களே, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று அவரே எடுத்துக் கேட்டு, 'அப்படியல்ல' என்று சொன்னார். லூக்கா 13 இல் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது தம்பிக்கு. மீரியபெத்தை சரியும் என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை வந்திருந்தது. போவதற்கு இடம் இருந்திருந்தால் போயிருப்பார்கள், இடம்தான் இல்லை. ஆகவே அங்கே இருந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு இரவுக்காவது போக இடம் இருந்தால், போகாமல் இருப்பதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள். பிசாசு இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று சொன்னபோது அவனும் வசனம்தான் காட்டினான். அதுவும் சங்கீதம் 91. இயேசு குதிக்கவில்லை. 'உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக' என்று சொல்லிவிட்டுப் படியால் இறங்கி வந்திருப்பார் என்றுதான் நான் கற்பனை செய்துகொள்கிறேன்.

அந்த வருஷத்துக்குப் பிறகு 'எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக' என்று சபையில் சேர்ந்து வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். இரண்டாம் வசனத்துக்காகக் காத்திருப்பேன். ஒத்தாசை பர்வதத்திடமிருந்து வரவில்லை. வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து. அந்த வசனத்தை மட்டும் சத்தமாக வாசிப்பேன்.

மழைமானி (ஹாலிஎல)

கொஸ்லந்தைக்காரி அக்கா சொன்னதோடு கொஞ்சம் நடைமுறை விஷயம். நான் பிரசங்கி இல்லை. எங்கள் கிராமத்து அனர்த்தக் குழுவில் இருக்கிறேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று நிலையில் எச்சரிக்கை விடும். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் வெளியேற ஆயத்தமாகு. சிவப்பு என்றால் வெளியேறு. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் கவனம், 100 தாண்டினால் மூட்டையைக் கட்டுங்கள், 150 என்றால் அங்கே இருக்கவே கூடாது. வெடிப்பு ஏற்கெனவே விழுந்த மேடு என்றால் 150 வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, ஓடும் ஊற்று திடீரென்று நிற்பது, தண்ணீர் சேறாக வருவது, மரமும் லைட் கம்பமும் சாய்வது, கதவு நிலை இறுகித் திறக்க முடியாமல் போவது, இதில் எது கண்டாலும் இரவாக இருந்தாலும் கிளம்புங்கள். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த அவசர இலக்கமான 117 க்கும் எடுங்கள்.

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். (சேமலாப நிதி) கடதாசி, மருந்து. ஒரு பையில் போட்டுக் கதவருகில் தொங்கவிடுங்கள்.

கொழுந்துமடுவம்

எல்லோருக்கும் நன்றி. பை இன்றைக்கே கட்டுகிறேன். கொஸ்லந்தைக்காரி அக்கா, அந்தப் பிள்ளையின் பையைப் பற்றி எழுதியதை வாசித்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் உப்பரிகையைப் பற்றிச் சொன்னேன். 'நீ எனக்கு வேதம் சொல்லித் தராதே' என்றார். பேச்சு அதோடு நின்றுவிட்டது.

மகாவலிக்கரை (கண்டி)

நான் கத்தோலிக்கன். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒன்று.

கண்டியில் இருக்கும் எங்களுக்குப் புனித யோசப் வாஸ் வீட்டுப் பெரியவர் மாதிரி. கோவாவில் 1651 இல் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலத்தில், 1687 இல், ஒரு ஏழைக் கூலியாள் போல வேஷம் போட்டு இந்தத் தீவுக்கு வந்தார். 1692 இல் கண்டி ராச்சியத்துக்கு வந்தார். வந்ததும் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். மக்களுக்கு ஊழியம் செய்யவேண்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு, கடவுள் கொடுத்த முதல் இடம் சிறை. அங்கே அவர் சிங்களம் கற்றுக்கொண்டார்.

சில வருஷத்தில் கண்டியில் அம்மை நோய் பரவியது. பயந்து ஆட்கள் நகரை விட்டுப் போனார்கள். நோயாளிகளைத் தேடித் தேடிப் பார்த்தவர் இவர். கழுவினார், உணவு கொடுத்தார், செத்தவர்களை அடக்கம் செய்தார். எந்த மதம் என்று பார்க்கவில்லை. 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்த நாளில் நானும் காலிமுகத்திடலில் நின்றேன். விடிய முன்னமே போய் நின்றோம்.

நான் எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், நீங்கள் தவறணைக்கு மாற்றப்பட்டதைத் தண்டனையாகவே பார்க்கிறீர்கள். மாற்றியவர்கள் தண்டனையாகத்தான் மாற்றினார்கள், அதில் சந்தேகம் இல்லை. அந்த இடத்தில் உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். தவறணையிலும் ஆட்கள் வேலை செய்கிறார்கள்தானே. அவர்களுக்கும் பேர் எழுதுவது நீங்கள்தானே.

எங்கள் கோயிலில் 'எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்' என்று சொல்வோம். உங்கள் சபையில் 'எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்' என்பீர்கள். சொல் வேறாக இருந்தாலும் 'இன்று' என்பது இரண்டிலும் இருக்கிறது. நாட்சம்பளக்காரனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும்.

சாமிமலை மகள் (குவைத்)

இங்கே இப்போது இரவு 11 மணி. வீட்டு வேலை முடிந்து இப்போதுதான் போனைக் கையில் எடுத்தேன்.

அண்ணா, நானும் கணக்கில்தான் அகப்பட்டுக்கொண்டவள். குழுக் கடன் எடுத்தேன், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். ஒரு கடனை அடைக்க இன்னொன்று, அதை அடைக்க இன்னொன்று. 2022 இல் சாமான் விலை ஏறினபோது எல்லாம் கையை மீறிப் போனது. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு இங்கே வந்தேன். வந்து இரண்டு வருஷம் நான்கு மாதம்.

இங்கே ஆலய ஆராதனை வெள்ளிக்கிழமைதான், அன்றைக்குத்தான் லீவு. எனக்கு அந்த லீவும் இல்லை. இதுவரை நான்கு தரம்தான் போக முடிந்தது. முதல் வருஷம் நான் கர்த்தரிடம் கோபமாகத்தான் இருந்தேன். ஜெபம் பண்ண வாய் வராது. பாத்திரம் கழுவிக்கொண்டு 'எனக்கு வேறு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை' என்று மட்டும் சொல்வேன். அதுவும் ஜெபம்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். படுக்கையில்தான். அவருடைய அலுமாரியில் எப்போதும் காசு கிடக்கும். எண்ணி வைப்பதில்லை, ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் மகனுக்குக் காய்ச்சல், காசு இல்லை என்று போன் வந்த இரவில் அந்த அலுமாரிக்கு முன்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எடுக்கவில்லை. அதனால் அடுத்த நாள் அற்புதம் நடந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. நடக்கவில்லை. அம்மா தோட்டை அடகு வைத்து மருந்து வாங்கினார். மகன் சுகமாக ஒரு கிழமை ஆனது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

எலியாவுக்குக் காகம் சாப்பாடு கொண்டுவந்த கதையைச் சின்னதில் கேட்டோம். கேரீத் ஆறு வற்றிப்போனதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. கர்த்தரே போய் இரு என்று சொன்ன ஆறு! அப்புறம் சாறிபாத் விதவை வீட்டுக்கு அனுப்பினார். அவளுக்கும் பானை நிறைய மா கொடுக்கவில்லை. பானையில் மா தீரவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் அவள் பானைக்குள் கையை விட்டுத்தான் பார்த்திருப்பாள். நானும் அப்படித்தான் இருக்கிறேன்.

உங்கள் வெடிப்புப் பற்றி வாசித்ததிலிருந்து மனசு சரியில்லை. எங்கள் லயத்துக்குப் பின்னாலும் மேடுதான்.

பொன்மேடு (வெலிமடை)

நான் சைவம். முருகனைக் கும்பிடுகிறவன். என் நண்பர் ஒருவர் அனுப்பியதால் இதை வாசித்தேன். ஒரு வரி சொல்லிவிட்டுப் போகிறேன். என் அக்காவும் கொழுந்து எடுக்கிறவர். தம்பி, நீங்கள் எந்தத் தெய்வத்துக்குப் பயந்து சரியாக எழுதினீர்களோ, அந்தத் தெய்வத்துக்கு என் வணக்கம்.

தங்கமலைப்பூ (லுணுகலை)

தட்டச்சு செய்வது மகள். அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மா 26 வருஷமாகக் கொழுந்து எடுக்கிறார். இனி அம்மா பேசுவது.

தம்பி, நான் தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவள். அந்தப் பெண்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று எழுதியிருக்கிறீர்களாம். அது உங்களுக்குத் தெரியாது. கூடைக் கயிறு தலையில் அழுத்துகிற அழுத்தத்திலேயே எத்தனை கிலோ என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். தராசு பார்க்கத் தேவையில்லை. யார் சரியாக எழுதுகிறார், யார் கழிக்கிறார் என்று முதல் நாளே தெரியும். எங்களுக்கும் ஒரு கணக்கப்பிள்ளை இருந்தார். ஒன்றரை வருஷம்தான் இருந்தார். உள்ளதை எழுதுவார். அந்த ஒன்றரை வருஷத்தில் அரைப்பேர் விழாததால்தான் இவளுக்கு, இதோ எழுதுகிறவளுக்கு, முதல் முதலாகப் புதுச் சப்பாத்து வாங்கினேன். அதுவரை மற்றப் பிள்ளைகள் போட்டுக் கழித்ததுதான். அவர் போய்ப் 14 வருஷம் ஆகிறது. இன்னும் மலையில் அவரைப் பற்றிப் பேசுவோம். அவருக்கு அது தெரியாது. ஆகவே உங்களுடைய இரண்டு வாரம் வீண் என்று நீங்கள் தீர்ப்பு எழுதாதீர்கள்.

வேதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது திராட்சத் தோட்டத்துக் கதை. மத்தேயு 20. அதைப் போதகர் வாசிக்கும்போது எனக்கு அது எங்கள் தோட்டம் மாதிரியே இருக்கும். விடியக்காலையில் ஆள் எடுக்கிறார்கள். நாளுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் நாள் முழுக்க வேலை செய்தவனுக்கும் ஒரே காசு. போதகர் அதைக் கிருபை என்று விளக்குவார். எனக்கு அது வேறு மாதிரி விளங்கும். அந்தத் துரையிடம் அரைப்பேர் கிடையாது. பொழுது சாயும் வரைக்கும் ஒருவரும் கூப்பிடாமல் நின்றவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கும். அரைக்காசில் அரைவயிறுதான் நிறையும் என்று அந்தத் துரைக்குத் தெரியும். பரலோக ராஜ்யம் அப்படி என்று இயேசு சொல்கிறார். அதை நினைத்துக்கொண்டுதான் நான் கூடையைத் தூக்குகிறேன்.

இன்னொன்று. உங்கள் அம்மா எழும்ப மாட்டேன் என்கிறாரே, அது விசுவாசம் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. 31 வருஷம் உழைத்தும் அந்தக் காம்பராவுக்கு அவரிடம் ஓர் உறுதி இல்லை. விட்டுப் போனால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். எனக்கும் அதே பயம் இருக்கிறது, அதனால்தான் தெரிகிறது. பயம் என்று மகனிடம் சொல்லத் தாய்க்கு வாய் வராது. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிடுவாள். வசனம் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கு அம்மா பயப்படுகிறாய் என்று கேளுங்கள்.

(அம்மா பேசியது அவ்வளவுதான். அந்தச் சப்பாத்து எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கறுப்பு, பட்டி வைத்தது.)

ஜெயங்கொடி (ஹட்டன்)

இரண்டு நாளாக ஒன்றும் எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். சகோதரி கொஸ்லந்தைக்காரி, என்னை மன்னியுங்கள். நான் முகாம் ஒன்றையும் பார்த்தவன் இல்லை. என் பிள்ளை பிழைத்தது ஜெபத்தால் என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதிலிருந்துதான் பேசினேன். பிழைக்காத பிள்ளைகளின் தாய்மாரும் ஜெபித்திருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. கர்த்தர் திருப்பித் தருவார் என்று இன்னமும் நம்புகிறேன். 90,000 என்று கணக்குச் சொன்னது தவறு.

தம்பி, எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாசத்தில் உங்களையும் அம்மாவையும் வைத்து ஜெபித்தோம். பெயர் தெரியாததால் 'பசறைத் தம்பி, பசறை அம்மா' என்று சொன்னோம்.

ஊவாக்காற்று (பண்டாரவளை)

லுணுகலை அம்மாவுக்கு என் வணக்கம். 40 வருஷம் வேதபாடம் சொல்லிக் கொடுத்தும் மத்தேயு 20 ஐ இப்படி ஒரு தரம்கூட வாசித்ததில்லை.

தம்பி, தராசு விஷயத்தைச் சும்மா விடவேண்டாம். சரியாக எழுதிய நாட்களின் கணக்கு உங்களிடம் இருந்தால் பத்திரமாக வையுங்கள். உங்கள் சங்கத்துத் தலைவர் ஒருவரிடமோ தொழில் அலுவலகத்திலோ பேசலாம். தனியாகப் போகாதீர்கள். யாக்கோபு 5 இல் வயலை அறுத்தவர்களின் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றும் அது சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்றும் இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டது. இங்கேயும் யாராவது கேட்க வேண்டும். நான் கூட வரத் தயார். பஸ்ஸில் ஏற இன்னும் முடிகிறது.

கொழுந்துமடுவம்

நேற்று இரவு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லுணுகலை அம்மா சொன்னபடியே கேட்டேன். முதலில் ஒன்றும் இல்லை என்றார். அப்புறம் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, 'உங்கப்பா செத்தது இந்தக் காம்பராவில். இதையும் எடுத்துக்கொண்டால் எனக்கு எங்கே போகிறது' என்றார். அழுதார். நானும் அழுதேன். இத்தனை நாள் அவருடைய விசுவாசத்தோடு நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அது இல்லை.

இன்று பின்னேரம் மூன்று மணியிலிருந்து மழை. மேட்டுக்குக் கீழே ஊற்று ஒன்று கிளம்பியிருக்கிறது, செம்மண் நிறத்தில் வருகிறது. மழைமானி அண்ணன் எழுதினதுதான். 117 க்கு எடுத்துச் சொல்லிவிட்டேன். கிராம உத்தியோகத்தருக்கும் சொன்னேன். காம்பராவைப் பூட்டிச் சாவியை அம்மாவின் கையிலேயே கொடுத்தேன். திரும்பி வருவோம், யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் நான் கேட்பேன் என்று சொன்னேன். இப்போது கோயில் மண்டபத்துக்குக் கிளம்புகிறோம். எங்கள் லயத்தில் 11 குடும்பம். ஆறு குடும்பம் வருகிறது, மீதி ஐந்தோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெரியம்மா வருகிறார். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குகிறார்.

சார்ஜ் குறைவு. அப்புறம் எழுதுகிறேன்.

சாமிமலை மகள் (குவைத்)

போய்ச் சேர்ந்தீர்களா அண்ணா?

மழைமானி (ஹாலிஎல)

இங்கே 92 மில்லிமீற்றர், இன்னும் விடவில்லை. அந்த ஐந்து குடும்பமும் இறங்க வேண்டும். உங்கள் டிவிசனுக்கு யாராவது போக முடியுமா என்று பார்க்கிறேன்.

கொஸ்லந்தைக்காரி

தம்பி? அம்மா நடந்தே வந்தாரா? குளிருக்கு ஏதாவது இருக்கிறதா?

ஜெயங்கொடி (ஹட்டன்)

விழித்திருக்கிறோம். சேர்ந்ததும் ஒரு சொல் போடுங்கள்.

கொழுந்துமடுவம்

சேர்ந்துவிட்டோம். ஐந்தில் நான்கு குடும்பம் வந்துவிட்டது, மற்றதைக் கூட்டிவர இரண்டு பையன்கள் போயிருக்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றுகிறார். சாவி அவர் முந்தானையில் முடிந்திருக்கிறது. குவைத்தில் இருக்கிற பிள்ளையின் மகனுக்கு இப்போது சுகமா என்று கேட்கச் சொன்னார்.